நடையா, மலையா, நூலகமா, தொண்டா? மதுரையில் நட்பு தேடுவோருக்கு ஓர் ஒப்பீடு

கடந்த இரண்டு மாதங்களில், ஒருவரை ஒருவர் அறியாத மூன்று பேர் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவர் கோவில்பட்டியிலிருந்து வந்து இலந்தைக்குளம் ஐ.டி. பூங்காவில் வேலை பார்க்கும் இருபத்தாறு வயதுப் பெண். கே.கே. நகரில் மகளிர் விடுதியில் தங்கியிருக்கிறார். இரண்டாமவர் அண்ணா நகரில் இருக்கும் ஓய்வுபெற்ற அரசு ஊழியர். சென்ற ஆண்டு மனைவி இறந்துவிட்டார், மகள் வெளிநாட்டில். மூன்றாமவர் கரூரிலிருந்து ரிசர்வ் லைனுக்குக் குடிவந்த, இரண்டு பள்ளிப் பிள்ளைகளின் தாய். மூவரும் கேட்டது இதுதான்: இந்த ஊரில் பேசிப் பழக எனக்கு யாரும் இல்லை. எதிலாவது சேரலாம் என்று பார்க்கிறேன். நடைக் குழுவா, மரபு நடையா, இலக்கியக் கூட்டமா, கோயில் தொண்டா, ஏதாவது வகுப்பா? எதில் சேர்ந்தால் பலன் இருக்கும்?

இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் கணவரின் மாற்றலோடு நாகர்கோவிலிலிருந்து இங்கே வந்தேன். மறு ஆண்டு மகளுக்குக் காதுகுத்து. பத்திரிகை வைக்க மதுரையில் எனக்கு நான்கே வீடுகள் இருந்தன. நான்கும் கணவரின் அலுவலகத்தார் வீடுகள். அன்றிரவு மிஞ்சிய பத்திரிகைக் கட்டைப் பார்த்தபோது வந்த வருத்தத்திலிருந்துதான் நான் ஒவ்வொரு குழுவாகத் தேடிப் போனது தொடங்கியது. சிலவற்றில் மாதக்கணக்கில் வீணாக உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றிரண்டில் இன்று எனக்குச் சகோதரிகள் போன்றவர்கள் இருக்கிறார்கள். அந்த அனுபவத்தை வைத்து இந்த வழிகளை எடை போட்டுப் பார்க்கிறேன்.

## எடை போட என்ன படிக்கல்?

பெரும்பாலோர் "எனக்கு எதில் ஆர்வம்?" என்றுதான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இப்போது அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். முதலில் கேட்க வேண்டியது, அதே முகங்களை எத்தனை முறை பார்ப்பேன் என்பது.

இதற்கு ஓர் ஆய்வு துணை நிற்கிறது. அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால், புதிதாக ஊர் மாறியவர்களையும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களையும் ஆராய்ந்து 2018இல் சில கணக்குகளை வெளியிட்டார். அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஆவதற்குச் சுமார் 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது. நண்பர் என்றே சொல்லிக்கொள்ளச் சுமார் 90 மணி நேரம். நெருங்கிய நட்புக்கு 200 மணி நேரத்துக்கு மேல். அந்த நாட்டுக் கணக்கு நம் ஊருக்கு அப்படியே பொருந்த வேண்டும் என்பதில்லை. ஆனால் நட்புக்கு மணிக்கணக்கு உண்டு என்ற எண்ணமே எனக்குப் பெரிய ஆறுதலைத் தந்தது. என்னிடம் ஏதோ குறை இருக்கிறது, அதனால்தான் யாரும் ஒட்டவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால், எவரோடும் பத்து மணி நேரம்கூட நான் இருந்ததில்லை.

அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு. சேர்ந்து வேலை பார்த்த நேரம் அவ்வளவாக நட்பைக் கூட்டவில்லை. ஓய்வாகச் சேர்ந்திருந்த நேரமே கூட்டியது. ஆகவே இரண்டாவது கேள்வி, அங்கே பேச இடம் இருக்கிறதா? எல்லாரும் மேடையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் இடத்தில் மூன்று மணி நேரம் இருந்தாலும் பக்கத்து நாற்காலிக்காரர் அந்நியர்தான். வேலை முடிந்து வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து மோர் குடிக்கும் கால் மணி நேரம் அதைவிடப் பெரிது.

மூன்றாவது, போய்வரும் பாடு. தொலைவு, விடியற்காலை, இரவுத் திரும்புகை, வண்டி. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் பகலில் செலவு ஒரு பிரச்சினை இல்லை. ஆனால் பேருந்து போகாத மலையடிவாரமும், இரவு எட்டரை மணிக்கு முடியும் கூட்டமும் வேறு கதை.

நான்காவது மறைசெலவு. சந்தாவைச் சொல்லவில்லை, அதை முதல் நாளே சொல்லிவிடுவார்கள். ஆறாம் மாதத்தில் தெரியவரும் செலவுகளைச் சொல்கிறேன்.

ஐந்தாவதை நம் ஊரில் வெளிப்படையாகக் கேட்கத் தயங்குவோம்: அங்கே யார் இல்லை? முதல் சந்திப்பிலேயே "நீங்கள் எந்தப் பக்கம்?" என்று சொந்த ஊரைக் கேட்பதுபோல் சாதியைத் துழாவும் இடமா? பெண்கள் எத்தனை பேர்? தனியாக வந்த பெண் எத்தனை பேர்? சேரும் முன்பே இதைக் கண்ணால் எண்ணிவிடலாம்.

இந்த ஐந்தையும் ஒன்றாகக் கட்டும் ஒரு சோதனையும் வைத்திருக்கிறேன். நீங்கள் ஒரு நாள் வராமல் போனால் யாராவது கவனிப்பார்களா?

## காலை நடை

மதுரையில் நடப்பதற்கு இடப் பஞ்சம் இல்லை. ரேஸ்கோர்ஸ் மைதானம், மாநகராட்சி அலுவலகத்தை ஒட்டிய சுற்றுச்சூழல் பூங்கா, வண்டியூர் கண்மாய்க் கரை, இவற்றுக்கெல்லாம் மேலாக வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். திருமலை நாயக்கர் காலத்துக் குளம். ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ ஆயிரம் அடி, ஆகவே ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். வைகைத் தண்ணீரைக் கொண்டுவந்து நிரப்பத் தொடங்கிய பிறகு காற்றும் குளிர்ந்தது, கூட்டமும் கூடியது.

மணிக்கணக்கில் இதை எதுவும் வெல்ல முடியாது. வாரம் ஐந்து நாள், நாளுக்கு முக்கால் மணி என்று வைத்தாலே ஆண்டுக்கு 180 மணி நேரம் ஆகிவிடும். வீட்டுக்குப் பக்கம், கட்டணம் இல்லை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, பிடிக்காவிட்டால் நாளையே நிறுத்திவிடலாம்.

ஆனால் வெறுமனே நடந்தால் நட்பு வராது. நானே முதல் ஆறு வாரம் நடந்தேன், ஒருவரும் பேசவில்லை. பிறகுதான் காரணம் புரிந்தது. நான் போகும் வேளையில் பெரும்பாலோர் கோயிலை வலம் வருவதுபோல் ஒரே திசையில் சுற்றுகிறார்கள். நானும் அதே வேகத்தில் அதே திசையில் போனால் எனக்கு முன்னும் பின்னும் உள்ள நாலு பேரின் முதுகுதான் தெரியும். எதிர்த் திசையில் நடக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு சுற்றிலும் அத்தனை முகங்களும் இரண்டு முறை எதிரே வந்தன. ஒரு வாரத்தில் தலையசைப்பு, மூன்றாம் வாரத்தில் "இன்று தாமதமா?" நடை முடிந்ததும் உடனே வீட்டுக்கு ஓடாமல் கிழக்குப் பக்கத்தில் அதே இடத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்தேன். அங்கே ஏற்கெனவே மூன்று பெண்கள் உட்காருவார்கள். மூன்றாம் மாதம் எனக்குக் காய்ச்சல் வந்து சில நாள் போகவில்லை. திரும்பிப் போனபோது அவர்களில் மூத்தவர் கேட்டார்: "நான்கு நாளாகக் காணோமே, ஊருக்கா போயிருந்தீர்கள்?" அவர் சொன்ன பிறகுதான் நானே எண்ணிப் பார்த்தேன். நான்கு நாள் சரி. ஒருவர் என்னை எண்ணியிருக்கிறார் என்பது எனக்கு எவ்வளவு பெரிய செய்தி என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

இப்போது மறைசெலவு. ஆண்களின் நடை நட்பு டீக்கடையில்தான் முற்றுகிறது. நடை முக்கால் மணி என்றால் டீக்கடை முக்கால் மணி. பெண்கள் அந்த நேரம் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு இட்லி ஊற்ற வேண்டும். ஆகவே ஆண்களுக்கு ஆறு மாதத்தில் கிடைப்பது பெண்களுக்கு ஓராண்டு எடுக்கிறது. இது பெண்களின் கூச்சத்தால் வருவதில்லை, வீட்டு வேலை பங்கிடப்பட்டிருக்கும் விதத்தால் வருவது. வீட்டில் பேசி, வாரத்தில் இரண்டு நாளாவது அந்தக் கூடுதல் அரை மணியைக் கேட்டு வாங்குங்கள். அது ஆடம்பரம் என்று உங்களுக்கே தோன்றும். தோன்ற விடாதீர்கள்.

இரண்டாவது செலவு, விற்பனை. நடை மைதானங்களில் சத்துமாவுப் பொட்டலமும், ஆள் சேர்க்கும் திட்டங்களும், ஏலச்சீட்டும் நட்பின் தோளில் ஏறி வரும். மூன்றாம் மாதத்துக்குள் யாராவது சீட்டுப் பேச்சை எடுத்தால், "பணத்தை நடையில் பேசுவதில்லை என்று வைத்திருக்கிறேன்" என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிடுங்கள். அதன் பிறகும் உங்களோடு பழகுகிறவரே நண்பர்.

யாருக்கு ஏற்றது: ஓய்வுபெற்றவர்கள், தனியாக வாழ்பவர்கள், எதிலும் பெயர் பதிவு செய்யத் தயங்குபவர்கள். யாருக்கு ஏற்றதில்லை: இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்கள், தங்கள் வயதினரையே தேடுபவர்கள்.

## மலைக்குப் போகும் ஞாயிறு

மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளைப்போல் வேறு ஊருக்கு வாய்த்திருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. கீழக்குயில்குடியில் தாமரைக் குளமும் ஆலமரமும் அய்யனார் கோயிலும் கடந்து படியேறினால், செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட சமணச் சிற்பங்களும் வட்டெழுத்தும். மாங்குளத்தில் நெடுஞ்செழியன் பெயர் வரும் தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டு. 2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியில் குடைவரைச் சிவன் கோயிலும் வல்லூறுகளும். யானைமலையைக் காக்க எழுந்த குரலின் தொடர்ச்சியாகப் பிறந்த பசுமை நடை என்ற மரபு நடைக் குழு, இந்த இடங்களுக்கெல்லாம் ஞாயிறு காலைகளில் பொதுமக்களை அழைத்துப்போய்ப் பழக்கியது. பறவை பார்ப்பவர்கள் சாமநத்தம் கண்மாய்க்குப் போகிறார்கள். ஜனவரியில் பொங்கல் நாட்களை ஒட்டி 2015 முதல் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் யாரும் சேரலாம். பறவையின் பெயர் தெரியாதவரும் பெயர் தெரிந்தவரோடு போய்க் குறிப்பெழுதலாம்.

இதன் பெரிய நன்மை கூச்சமுள்ளவர்களுக்கு. எதிரெதிரே உட்கார்ந்து என்ன பேசுவது என்று திணற வேண்டியதில்லை. இருவரும் பாறையைப் பார்க்கிறீர்கள், பேச்சு பாறையிலிருந்து வருகிறது. "இந்த எழுத்து 'ம' மாதிரி இருக்கிறதே" என்று ஒருவர் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் குனிந்து பார்ப்பார். சாதி, வேலை, சம்பளம் எதையும் தொடாமல் ஒரு காலைப் பொழுதைக் கழிக்க முடிகிற அரிய இடம் இது. வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு இன்னொரு கொடையும் உண்டு. மனிதர்கள் கிடைக்கும் முன்பே ஊர் கிடைத்துவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது.

ஆனால் கணக்கைப் பாருங்கள். மாதம் ஒன்று, ஒரு முறைக்கு நான்கு மணி நேரம், கோடையும் மழையும் போக ஆண்டுக்குப் பத்து நடை. மொத்தம் 40 மணி நேரம். அதிலும் நூறு பேர் வரும் நடையில் போன மாதம் உங்களோடு பேசியவர் இந்த மாதம் வருவார் என்று சொல்ல முடியாது. வெறுமனே போய்வந்தால் ஆண்டு முடிவில் நல்ல படங்கள் இருக்கும், நண்பர் இருக்க மாட்டார். இரண்டு வழிகளில் இதை மாற்றலாம். ஒன்று, மற்றவரோடு ஒரே வண்டியில் போவது. போக முக்கால் மணி, வர முக்கால் மணி, அதே மூன்று பேர் என்றால் நடையைவிடப் பயணமே நெருக்கத்தைத் தரும். இரண்டு, கீழே இறங்கியதும் சாப்பாடு பரிமாறும் பக்கத்தில் நின்றுவிடுவது. கரண்டி பிடித்தவரை எல்லாருக்கும் நினைவிருக்கும்.

மறைசெலவு வண்டிதான். ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும். பல மலையடிவாரங்களுக்கு அந்த நேரத்தில் பேருந்தை நம்ப முடியாது. தனியாகத் தங்கியிருக்கும் பெண் முதல் முறை போகும்போது, முன்பே பேசி ஒரு குடும்பத்தோடு அல்லது இன்னொரு பெண்ணோடு போவதே நல்லது. முழங்கால் வலி உள்ளவர்கள் எந்த மலை என்று கேட்டுவிட்டுப் போக வேண்டும்.

## நூலகம், வாசகர் வட்டம், இலக்கியக் கூட்டம்

1901இல் பாண்டித்துரைத் தேவர் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய ஊர். முற்போக்கு எழுத்தாளர் சங்கம் 1975இல் உருவானதும் இங்கேதான். கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆண்டுதோறும் தமுக்கம் மைதானத்தில் புத்தகத் திருவிழா, 2023 ஜூலையில் புது நத்தம் சாலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம், இவை தவிர அரங்குகளில் நூல் வெளியீடுகள்.

எட்டு மாதம் நான் இத்தகைய மாலைக் கூட்டங்களுக்குப் போனேன். கடைசி வரிசை, நன்றியுரை தொடங்கும்போது எழுந்துவிடுவேன், பேருந்தைப் பிடிக்க வேண்டும். நிறையக் கற்றுக்கொண்டேன். ஒருவர் பெயரும் தெரியாது. தவறு கூட்டத்தில் இல்லை. அது கேட்பதற்கான இடம், நான் பழகுவதற்கான இடத்தைத் தேடிப் போயிருந்தேன். நாற்காலிகள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்று இப்போது முதலில் பார்க்கிறேன். மேடையைப் பார்த்திருந்தால் அறிவுக்கு. வட்டமாகப் போட்டிருந்தால் நட்புக்கு.

வட்டமாகப் போட்ட இடங்கள் இருக்கின்றன. அரசுக் கிளை நூலகங்களில் வாசகர் வட்டம் என்று ஒன்று உண்டு. சில இடங்களில் பெயருக்கு இருக்கும், சில இடங்களில் உயிரோடு இருக்கும். நூலகரிடம் நேரில் கேட்டால்தான் தெரியும். பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு சிறுகதையை வாசித்துப் பேசும் இடத்தில் நான்கு முறை போனாலே பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். மாதம் ஒரு முறை இரண்டு மணி என்றால் ஆண்டுக்கு 24 மணிதான். ஆனால் ஒரு கதை உங்களுக்கு ஏன் அழுகையைத் தந்தது என்று அந்நியர் முன் சொல்லிவிட்ட பிறகு நீங்கள் அந்நியர் இல்லை. இந்த மணிகளுக்கு எடை கூடுதல் என்பது என் அனுபவம்.

செலவுகள்: அணிகள் இருக்கும். இவர் வரும் கூட்டத்துக்கு அவர் வர மாட்டார். புதியவர் அறியாமல் ஏதோ ஒரு பக்கத்தில் எண்ணப்பட்டுவிடுவார். பழகிய மூன்றாம் மாதத்தில் நண்பரின் கவிதைத் தொகுப்பை வாங்க வேண்டியிருக்கும். வாங்குங்கள், அது தாங்கக்கூடிய செலவு. இரவுத் திரும்புகை பெண்களுக்குத் தாங்க முடியாத செலவு. ஆகவே ஞாயிறு காலை நடக்கும் வட்டத்தைத் தேடுங்கள்.

பள்ளிப் பிள்ளைகள் உள்ள தாய்மாருக்கு ஒரு சிறு குறிப்பு. கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பகுதிக்கு ஒவ்வொரு வாரமும் ஒரே நாள், ஒரே நேரம் போய்ப் பாருங்கள். பிள்ளைகள் முதலில் நண்பர்களாவார்கள். தாய்மார் பின்தொடர்வார்கள்.

## கையால் செய்யும் தொண்டு

மீனாட்சி திருக்கல்யாணத்துக்கு முந்தைய இரவு சேதுபதி பள்ளிக்குப் போனவர்கள் அந்தக் காட்சியை மறக்க மாட்டார்கள். மறுநாள் கல்யாண விருந்துக்கு மலையாகக் குவிந்த காய்கறி, சுற்றிலும் உட்கார்ந்து நறுக்கும் பெண்கள், ஆண்கள், பிள்ளைகள். யாரும் யாரையும் அழைத்து வரவில்லை. அரிவாள்மனையோடு வந்து உட்கார்ந்தால் இடம் உண்டு. சித்திரைத் திருவிழா நாட்களில் தண்ணீர்ப் பந்தல், நீர்மோர், பொங்கல் வழங்கும் ஒவ்வொரு இடத்திலும் கைகள் தேவைப்படுகின்றன.

மதுரையோடு கலந்துவிட இதைவிடக் குறுகிய வழி கிடையாது. அங்கே உங்கள் ஊர், படிப்பு எதுவும் கேட்கப்படுவதில்லை, "பூசணியை அந்தப் பக்கம் தள்ளுங்கள் அக்கா" என்றுதான் கேட்பார்கள். அந்த இரவு உறவுபோல் இருக்கும், விடிந்ததும் கலைந்துவிடும். ஆண்டுக்கு ஒரு முறை நடப்பதில் நட்பு வேர்விட முடியாது. ஆகவே திருவிழாவை வாசலாக வைத்துக்கொண்டு, ஆண்டு முழுவதும் நடக்கும் ஒன்றுக்குள் நுழைய வேண்டும்.

அப்படி இரண்டு உண்டு. ஒன்று உழவாரப் பணி: அப்பர் கையில் ஏந்திய உழவாரத்தின் பெயரில், ஞாயிறுகளில் பழைய கோயில்களில் புல் செதுக்கி, பிரகாரம் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கு நீக்குவார்கள். மற்றொன்று திருவாசக முற்றோதல்: 51 பதிகங்களையும் ஒரே நாளில் ஓதி முடிப்பது, காலையில் தொடங்கி மாலை ஆகும், இடையில் சேர்ந்து மதிய உணவு. மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூர் பக்கத்தில் இருப்பதாலோ என்னவோ இங்கே இதற்கு ஆள் குறைவதில்லை. பெண்கள் மிகுதி, பகலில் நடப்பது, குரல் நன்றாக இல்லாவிட்டாலும் கூட்டத்தோடு சேர்ந்துவிடும். அறுபது வயதைக் கடந்து கணவரை இழந்த பெண்கள் வெளியே வர வீட்டார் தடை சொல்லாத இடம் என்பதால் பலருக்கு இதுவே முதல் வாசல். அதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களுக்குக் கண்மாய்க் கரை, மரம் வளர்ப்பு, இரத்த தானம் ஒருங்கிணைப்பு என்று வேறு பணிகள் உண்டு.

மாதம் இரண்டு ஞாயிறு, ஐந்து மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 120 மணி. பார்க்கப் பெரிய எண். ஆனால் வேலை நேரம் நட்பில் குறைவாகவே சேரும் என்பதை நினைவில் வையுங்கள். துடைப்பத்தைக் கீழே வைத்ததும் கிளம்புகிறவருக்கு இடுப்பு வலிதான் மிச்சம். சாப்பாட்டுக்கு இருங்கள்.

ஒரு மரம் நடும் குழுவில் நான் ஏமாந்திருக்கிறேன். பெயர் வேண்டாம். ஒவ்வொரு ஞாயிறும் பதாகை பிடித்துப் படம் எடுப்போம், பத்து மணிக்குக் கலைவோம். மே மாதம் போய்ப் பார்த்தபோது கன்றுகள் காய்ந்து நின்றன. மனிதர்களும் அப்படியே. யாருக்கும் யாரையும் தெரியவில்லை. நட்ட கன்றுக்கு யார், எந்தக் கிழமை தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று கேளுங்கள். அந்த முறைப் பட்டியல் உள்ள குழுவில் சேருங்கள். செவ்வாய்க்கிழமை உங்கள் முறை என்றால், நீங்கள் வராத செவ்வாய் கண்டிப்பாகத் தெரியும்.

இன்னொரு மறைசெலவு, "இல்லை" என்று சொல்ல முடியாமை. நல்ல காரியம் என்பதால் மறுப்பது பாவம்போல் தோன்றும். இரண்டு ஆண்டில் களைத்து ஒரேயடியாக விலகியவர்களை அறிவேன். தொடக்கத்திலேயே மாதத்துக்கு இத்தனை நாள் என்று சொல்லிவிடுவது குழுவுக்கும் நல்லது.

## வகுப்புகள்

பறை, சிலம்பம், யோகா, வாய்ப்பாட்டு, எதுவானாலும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வாரம் மூன்று நாள், ஒரு மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 144 மணி. அதே முகங்கள், அதே நேரம். மாதக் கட்டணம் உண்டு, அதனாலேயே விடாமல் வருவார்கள். வகுப்பு நடக்கும்போது பேச முடியாது என்பது குறை. பத்து நிமிடம் முன்னே போய், பத்து நிமிடம் பின்னே கிளம்பினால் அது தீரும்.

இருபதுகளில் இருப்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை பறை அல்லது சிலம்பம். தாளம் தப்பி எல்லாரும் ஒன்றாகச் சிரிக்கும் முதல் மாதம், மற்ற இடங்களில் ஆறு மாதத்தில் கிடைக்காத நெருக்கத்தைத் தரும். பறை கற்க வருகிறவர், அந்தக் கருவியைத் தாழ்வாகப் பார்த்த பழைய பார்வையை விட்டுவிட்டு வந்தவராக இருப்பார். ஐந்தாவது கேள்விக்கு அங்கே பாதி விடை கிடைத்துவிடுகிறது.

## சந்தா கட்டும் சங்கங்களும் சமூகச் சங்கங்களும்

ரோட்டரி, லயன்ஸ் போன்றவற்றில் தொழில் செய்வோருக்கு நல்ல தொடர்புகள் கிடைக்கும். சந்தாவுக்கு மேல் விருந்து, அன்பளிப்பு, மாநாட்டுப் பயணம் என்று செலவு வளரும். சம்பளத்தில் வாழ்பவர் ஓராண்டுச் செலவு மொத்தம் எவ்வளவு என்று ஓர் உறுப்பினரிடம் தனியாகக் கேட்டுவிட்டுச் சேரட்டும்.

சமூகச் சங்கங்கள் பற்றி நேராகச் சொல்கிறேன். துக்கம் நடந்த வீட்டுக்கு அரை மணியில் ஆள் அனுப்பும் வல்லமை அவற்றுக்கு உண்டு. மறுக்க மாட்டேன். ஆனால் பிறப்பால் ஏற்கெனவே உங்களுக்கு உறவாக இருப்பவர்களையே அங்கே மறுபடி சந்திக்கிறீர்கள். ஊரில் மற்றவர்களை அறியும் ஞாயிறுகளை அது எடுத்துக்கொள்ளும். நட்பு தேடிப் போகும் ஒருவருக்கு அதை நான் சொல்வதில்லை.

## ஒரே பார்வையில்

மணிக்கணக்கு என் உத்தேசம்தான். உங்கள் வசதிக்கு மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

| வழி | ஆண்டுக்கு மணி | பேச இடம் | ஆறாம் மாதத்தில் தெரியும் செலவு | வராத நாள் தெரியுமா? |
|---|---|---|---|---|
| காலை நடை | 180 | உட்கார்ந்தால் உண்டு | சீட்டு, விற்பனை. பெண்களுக்கு நேரம் | மூன்று மாதத்தில் |
| மலை, பறவை | 40 | நிறைய | வண்டி, விடியற்காலை | ஒரே வண்டியில் போனால் மட்டும் |
| வாசகர் வட்டம் | 24 | அதுதான் வேலையே | அணிகள், இரவுத் திரும்புகை | நான்கு கூட்டத்தில் |
| தொண்டு | 120 | சாப்பாட்டு நேரத்தில் | மறுக்க முடியாமை, களைப்பு | முறைப் பட்டியல் இருந்தால் உடனே |
| வகுப்பு | 144 | முன்னும் பின்னும் | மாதக் கட்டணம் | ஒரு வாரத்தில் |

இரண்டுக்கு மேல் எடுக்காதீர்கள். ஒன்று வீட்டுக்குப் பக்கத்தில் அடிக்கடி நடப்பது. அது சுவையற்றதாக இருந்தாலும் பரவாயில்லை. மற்றொன்று மாதம் ஒரு முறை, மனத்துக்குப் பிடித்தது. சுவையானதையும் தொலைவானதையும் மட்டும் எடுத்தவர்கள்தான் மூன்று மாதத்தில் "இந்த ஊர் ஒட்டவில்லை" என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள்.

## மூவருக்கும் சொன்னது

விடுதிப் பெண்ணுக்கு வாரநாட்களில் விடியற்காலை கிடையாது. மாலையில் விடுதி மூடும் நேரம் உண்டு. ஆகவே சனி, ஞாயிறு காலையில் நடக்கும் பறை வகுப்பும், மாதம் ஒரு மலையும். மலைக்கு அந்த வகுப்பிலிருந்தே துணை கிடைக்கும் வரை காத்திருக்கச் சொன்னேன். வகுப்பு வார இறுதியில் மட்டும் என்பதால் அவருடைய மணிகள் மெதுவாகத்தான் சேரும். ஆறு மாதத்துக்கு முன் முடிவு கட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

ரிசர்வ் லைன் தாய்க்கு, சனிக்கிழமை நூலகத்தின் குழந்தைகள் பகுதி. அதோடு திருவாசகமோ தையலோ எதுவானாலும், பகல் பதினொன்றிலிருந்து ஒன்றுக்குள் நடக்கும் ஒன்று. அவருக்குத் தன் நேரம் என்று இருப்பது அந்த இரண்டு மணிதான். அதைப் பிள்ளைகளின் தாயாக இல்லாமல் அவராகவே கழிக்கட்டும்.

ஓய்வுபெற்றவர் மாலையில் இலக்கியக் கூட்டங்களுக்குப் போகவே விரும்பினார். படிப்பவர். ஆனால் அவர் வீட்டில் மிகக் கடினமான பொழுது விடியற்காலை என்று பேச்சில் தெரிந்தது. முப்பத்தெட்டு ஆண்டு இருவர் காப்பி குடித்த நேரம். எனவே காலையில் வண்டியூர் கண்மாய்க் கரை, எல்லாரும் நடக்கும் திசைக்கு எதிர்த் திசை, முடிந்ததும் அதே இடத்தில் கால் மணி நேரம். வாசகர் வட்டம் மாதம் ஒன்று, பிறகு பார்க்கலாம்.

நான்காம் வாரம் அவர் தொலைபேசியில் பேசினார். பக்கத்தில் உட்காரும் நால்வரில் ஒருவர், "சார், உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டாராம். இவர் சொன்னாராம். அவர் பெயரைக் கேட்டீர்களா என்றேன். சற்று நேரம் பேசவில்லை. கேட்கத் தோன்றவில்லை, மனம் நிறைந்துவிட்டது என்றார். நாளைக் காலை முதல் வேலையாகக் கேட்டுவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.